சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர்

பியோ கும்சுக் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பதினொரு வருடம் பக்கத்து அறையில் வேலை பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். அந்த ஏப்ரல் மாதம் அவர் பேசியதைக் கேட்க நாங்கள் கிட்டப் போய் நிற்க வேண்டியிருந்தது.

சொனான் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. கைப்பேசித் திரைகளில் ஒளிவிடும் பொருட்களைத் தயாரித்துப் பெரிய திரை ஆலைகளுக்கு விற்கிறோம். சிவப்பு ஒளிக்கான பொருள் ஒரு சேர்மம். நடுவில் இரிடியம் என்ற உலோகம், அதைச் சுற்றிப் பிடித்தபடி கரிம மூலக்கூறுகள். சமைத்தால் மட்டும் போதாது, சுத்தம் செய்ய வேண்டும். நீளமான கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டு, ஒரு முனையைச் சூடாக்கினால் பொருள் ஆவியாகி நடுவில் சிவப்பு வளையமாகப் படியும். அழுக்கு பின்னாலேயே தங்கிவிடும். அந்தக் குழாய்க்கு முன்னால் பத்தொன்பது வருடம் நின்றவர் அக்கா. படித்தது தொழிற்கல்விப் பள்ளிக்கூடம் வரை. பதவி உதவியாளர். சேர்ந்த அன்று என்னவோ அதேதான் பத்தொன்பதாவது வருடத்திலும்.

என் வேலை ஆயுள் சோதனை அறையில். திரைத் துண்டுகளை எரியவிட்டு, எத்தனை மணி நேரத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்குகிறது என்று அளப்பேன். எங்கள் சிவப்பு நானூறு மணியைத் தாண்டவே இல்லை. ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் மா ஜேஹ்யோக் உலோகத்தைக் குறை சொன்னார், இயந்திரத்தைக் குறை சொன்னார், ஒருமுறை என்னையும் சொன்னார். குழாயை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டியவர் அக்காதான். சூடாக்கிய முனையில் கறுப்பாக அடிப்பிடித்திருந்தது.

"டாக்டர், இது ஆவியா எழும்புறதுக்கு முன்னாடியே கருகுது. ஓரத்துல ஒரு கிளை இருக்குல்ல, அத ஒரு இடம் தள்ளி வச்சா பக்கத்து மூலக்கூறோட ஒட்டிக்காது. கம்மி சூட்டுலயே எழும்பிடும்."

"கும்சுக் அம்மா, நீங்க குழாயைக் கழுவுங்க. கிளைய நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அக்காவே சனிக்கிழமைகளில் வந்து ஐந்து விதமாகச் சமைத்தார். எத்தனை முறை கெட்டுப்போனது என்று அவருடைய நோட்டில் இருக்கிறது: நாற்பத்தொரு முறை. கடைசியில் மூன்றாவது வகை முப்பத்தைந்து டிகிரி குறைந்த சூட்டிலேயே எழும்பியது. குழாயில் கறுப்பு இல்லை. என் அறையில் அது தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் எரிந்தது. நான் கருவியைச் சந்தேகப்பட்டு இன்னொரு துண்டை ஏற்றினேன். அதுவும் எரிந்தது.

கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர்: முதலாளி சொக் பியோங்தோ, டாக்டர் மா. அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஒன்றரை வருடம் கழித்து, ஏப்ரலில், தேஜான் நகரில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து நிராகரிப்புக் குறிப்பு வந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஏற்கெனவே ஒரு பொதுச் சூத்திரத்துக்குக் காப்புரிமை வைத்திருந்தது. இந்த இடத்தில் இது இருக்கலாம், அல்லது அது, அல்லது வேறெதுவும் என்று எழுதிய சூத்திரம். கூட்டிப் பார்த்தால் அதற்குள் கோடிக்கணக்கான சேர்மங்கள் அடங்கும். எங்களுடையதும் அடங்கும். அதில் நூற்றுப் பதினேழாவதாக வரைந்திருந்த சேர்மத்துக்கும் எங்களுடையதுக்கும் அந்தக் கிளையின் இடம் மட்டும்தான் வித்தியாசம். ஆகவே, "இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் இதை எளிதாகச் செய்யக்கூடியதே" என்று குறிப்பு முடிந்தது.

காப்புரிமை வழக்கறிஞர் தாக் ஹேரியோங் இதைக் கூட்டத்தில் வாசித்தார். சுவரோரம் நின்றிருந்த அக்கா கேட்டார்:

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு அக்கா?"

"சாதாரணத் தேர்ச்சி உள்ளவர். எளிதா செஞ்சிருப்பாராமே. அவர எங்க போய்ப் பாக்கலாம்?"

"அது சட்டத்துல ஒரு கற்பனை ஆளு, அக்கா. வெளிவந்த கட்டுரை எல்லாம் படிச்சிருப்பார். ஆனா சொந்தமா எதுவும் தோணாது."

"அப்ப நம்ம டாக்டர் மாதிரி."

யாரோ இருமினார்கள். டாக்டர் மா காப்பிக் குவளையைப் பார்த்தார்.

ஒரு வழி இருப்பதாக வழக்கறிஞர் சொன்னார். அந்த நூற்றுப் பதினேழைச் செய்து, எங்களுடையதோடு பக்கத்தில் வைத்து எரியவிட்டு, யாரும் எதிர்பார்க்க முடியாத வித்தியாசம் என்று காட்ட வேண்டும். செய்முறை அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது, போட்டதில் அறுபத்திரண்டு சதவீதம் பொருளாகக் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறது.

அக்கா ஆவணத்தில் இருந்தபடியே, ஒரு துளி மாறாமல் செய்தார். தார் வந்தது. மறுபடி செய்தார், தார். மூன்றாவது தடவை கரைப்பானைப் புதிதாக வாங்கி, நிமிடத்துக்கு நிமிடம் கடிகாரம் பார்த்துச் செய்தார். குடுவையின் அடியில் கன்னங்கரேலென்று தார்.

அன்றைக்கு என் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். குரல் பாதாளத்தில் இருந்தது.

"இவனுங்க இத செஞ்சதே இல்லடி. வரைஞ்சிருக்கானுங்க. அறுபத்திரண்டுன்னு வாய்க்கு வந்த நம்பர் போட்டிருக்கானுங்க. நான் நாப்பத்தோரு தடவ குடுவை கழுவினேன். பேப்பர்ல ஒரு கோடு போட்டவன் எனக்கு முன்னாடி வந்தவனாம்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. விற்கவும் இல்லை, செய்யவும் இல்லை. வழியில் ஒரு வேலியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு அக்கா தன் சொந்த வழியில் முயன்று அரை கிராமுக்கும் குறைவாக அந்த நூற்றுப் பதினேழை எடுத்துவிட்டார். என் அறையில் அது முந்நூற்று எண்பது மணியில் மங்கியது. அது போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சோதனை அறிக்கையில், செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தட்டச்சு செய்து வந்த தாளில் டாக்டர் மாவின் பெயர் இருந்தது. அக்கா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். வழக்கறிஞரும் இருந்தார். மணி நேரக் கணக்கோடு நானும் போயிருந்தேன்.

"நோட்டக் குடுங்க கும்சுக் அம்மா" என்றார் முதலாளி.

"குடுக்க மாட்டேன் முதலாளி. இதுல இருக்கிறது எல்லாம் என் கை. நான் செஞ்சதுக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா அது பொய். பொய்யக் கொண்டு போய் அரசாங்கத்துல கொடுப்பீங்களா?"

"பள்ளிக்கூடத்தோட நின்ன ஆளு செஞ்ச சோதனைன்னா யாரு மதிப்பாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வழக்கறிஞர் தாக் அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். கிளைய நகர்த்தலாம்னு முதல்ல சொன்னது யாரு?"

"அக்காதான்" என்றேன் நான். குழாயைக் காட்டிய நாளைச் சொன்னேன், சனிக்கிழமைகளைச் சொன்னேன்.

"அப்ப விண்ணப்பத்துல இவங்க பேர் ஏன் இல்ல? நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரன் இதப் பிடிச்சே பேட்டண்ட்ட ரத்து பண்ணிடுவான், முதலாளி. உங்க பேர் எதுக்கு இருக்கு?"

"நான்தானே பணம் போட்டேன்."

"பணம் போட்டவர் உரிமையாளர். கண்டுபிடிச்சவர் ஆக முடியாது."

மதிக்கத் தெரியாத மனிதருக்குப் பயப்படத் தெரிந்திருந்தது. முதலாளி பெயர் எடுக்கப்பட்டது. அக்கா பெயர் சேர்ந்தது, டாக்டர் மாவுக்கு அடுத்ததாக. அவர் பெயரையும் எடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். மேற்பார்வை பார்த்தேன் என்று டாக்டர் மா ஒரே பிடியாக நின்றார். சோதனை அறிக்கையில் அக்காவே கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் தேஜானுக்குப் போனோம், காப்புரிமை ஆய்வாளரை நேரில் பார்த்து விளக்க. முதலாளி சொனான் அக்ரூட் கேக் இரண்டு பெட்டி வாங்கியிருந்தார். வாசலிலேயே காவலர் தடுத்துவிட்டார், அதிகாரிகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று. முதலாளி பெட்டிகளைக் காரில் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

ஆய்வாளர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, தூக்கம் போதாத முகமுள்ள மனிதர். கறுப்புப் பிடித்த குழாய், பிடிக்காத குழாய் என்று நாங்கள் அனுப்பியிருந்த இரண்டு புகைப்படங்களையும் எடுத்து வைத்து டாக்டர் மாவைக் கேட்டார்: "இந்தக் கறுப்பு எது சிதைஞ்சு வருது? உலோகத்துக்கிட்ட பிணைப்பு உடையுதா, ஓரத்துக் கிளை உடையுதா?"

டாக்டர் மா இரண்டும் சாத்தியம் என்றார். பிறகு ஆய்வு தொடர்வதாகச் சொன்னார்.

"கிளைதான்" என்றார் அக்கா. "உலோகத்துக்கிட்ட உடைஞ்சா குழாயோட கடைசியில மஞ்சளா ஒரு படிவு வரும். வரல. நோட்டுல இருக்கு, பாருங்க."

ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். அக்கா காத்திருக்கவில்லை.

"ஐயா, எளிதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஆய்வகத்துல சாதாரணமான ஆளுன்னா அது நான்தான், பத்தொன்பது வருஷமா உதவியாளர். எனக்கு எளிதா இல்ல. அவங்க எழுதின மாதிரி செஞ்சா தார்தான் வருது. செய்யாதவங்கள நம்புனீங்க. செஞ்சவங்கள ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"அதுக்குத்தாம்மா இன்னைக்கு உங்கள வரச் சொன்னது" என்றார் அவர், கோபப்படாமல். "எழுதினதுதான் எனக்குத் தெரியும். இப்ப இது எழுத்துல வந்திருக்கு."

செப்டம்பரில் முடிவு வந்தது. எங்கள் விண்ணப்பத்திலும் ஒரு பொதுச் சூத்திரம் இருந்தது, முதலாளியின் ஆசைக்கு. நாற்பதாயிரம் சேர்மங்கள் அதில் அடங்கும். அது முழுக்க அடிபட்டுப் போனது. அக்கா கையால் செய்த ஐந்துக்கு மட்டும் காப்புரிமை கிடைத்தது. முதலாளி மேசையில் தட்டினார்: "அஞ்சே அஞ்சா? அவனுக்குக் கோடி, நமக்கு அஞ்சா?"

"அஞ்சுதானே முதலாளி செஞ்சோம்" என்றார் அக்கா. "மிச்சத்த நாமளும் சும்மாதான் வரைஞ்சிருந்தோம்."

அந்த ஐந்தில் மூன்றாவதை ஒரு பெரிய திரை ஆலை வாங்கத் தொடங்கியது. வருட முடிவு விருந்தில் முதலாளி டாக்டர் மாவுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். அக்காவின் பதவி உதவியாளர்தான். ஆராய்ச்சியாளர் என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பட்டம் இல்லாதவருக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த விதியை எழுதியவர் முதலாளியேதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச்சில் அக்கா விலகி, ஆசான் என்ற பக்கத்து ஊரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ச்சியாளர். வழியனுப்ப நாங்கள் ஆறு பேர் பன்றி எலும்புச் சூப்புக் கடைக்குப் போனோம். அவர் சோஜு மது குடிக்கவில்லை, மறுநாள் காலை ஏழு மணிக்குப் புது உலையைப் பொருத்த வேண்டுமாம்.

நான் இன்னும் பழைய அறையில்தான் இருக்கிறேன். ஆனால் சோதனைக்கு வரும் ஒவ்வொரு துண்டுக்கும் செய்தவர் யார் என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன், யாரையும் கேட்காமல். கட்டம் காலியாக இருந்தாலோ கை படாதவர் பெயர் இருந்தாலோ வாங்க மாட்டேன். டாக்டர் மா இதுவரை இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார்.