பந்திக் கூடத்தில் பெண்களுக்கான காட்சி

தென்காசியில் நாங்கள் நடத்திய ஃபிலிம் சொசைட்டியில் பெண் உறுப்பினர் நான் ஒருத்திதான். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். சொசைட்டியின் பதினாறு எம்.எம். ப்ரொஜெக்டரை ஓட்டுபவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டுடோரியல் கல்லூரியின் மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படம் போடுவோம். படப்பெட்டிகள் மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும்.

ஒரு ஞாயிறு வங்காளப் படம் ஒன்று போட்டோம். ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் புருஷன் பெண்டாட்டி கதை. நடுவில் ஒரு காட்சியில் அந்தப் பெண் விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, உன்னோடு இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, எனக்கு என்ன வேண்டும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை என்று புருஷனிடம் சொல்வாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படம் முடிந்ததும் உறுப்பினர்கள் வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார்கள், கேமராவைப் பற்றிப் பேசினார்கள். அவள் சொன்னதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தலைவர் ஒரு வக்கீல், நல்ல மனிதர். அவரிடம், இந்தப் படத்துக்கு உங்கள் வீட்டம்மாவை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். பிறகு வீட்டுக்குப் போனவர், சாயங்காலமே எங்கள் வீடு தேடி வந்தார். நீ கேட்டது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் சொல் என்றார்.

என்ன செய்யலாம் என்பதை எனக்குச் சொன்னது டாக்டரம்மா. தென்காசியில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கறாராகப் பேசுவார். எங்கள் வங்கியில்தான் கணக்கு. கவுண்ட்டரில் நின்றபடி நான் விஷயத்தைச் சொன்னதும், சாயங்காலம் வா என்று கூப்பிட்டு, தன்னிடம் வருகிற பெண்களைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை என்று ஒரு பெண்ணை மாமியார் அழைத்து வந்திருக்கிறார். சோதித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கும் புருஷனுக்கும் இடையில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளோ மலடி என்ற பேச்சை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“படம் போடுதீங்கள்லா? அவளுக்குப் போடுங்க. நான் வந்து பேசுதேன்” என்றார் டாக்டரம்மா.

அப்படித்தான் அந்த விழா பிறந்தது. உடம்பு, ஆசை, தாம்பத்தியம், பிள்ளைப்பேறு இவற்றைப் பற்றிய படங்கள் மட்டும், மூன்று நாள். தென்காசியில் வைத்தால் தெரிந்த முகமாக இருக்கும் என்று குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தோம். மாசி மாதம். சீசன் முடிந்து அருவி நூலாகிவிட்டிருந்தது. லாட்ஜுகளும் சத்திரங்களும் காலியாகக் கிடந்தன. ஒரு சமுதாயச் சத்திரத்தைப் பேசி முடித்தோம். இரண்டு நாள் எல்லோருக்கும், கடைசி நாள் பிற்பகல் பெண்களுக்கு மட்டும் என்று திட்டம். பெண்கள் காட்சிக்கு இரண்டு படங்கள். ஒன்று பெண்ணின் உடம்பைக் கார்ட்டூன் போல வரைந்து காட்டுகிற சித்திரப் படம். இன்னொன்று ஒரு பிரசவத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை காட்டுகிற வெளிநாட்டு ஆவணப்படம்.

ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் மட்டும் என்றால் ப்ரொஜெக்டரை யார் ஓட்டுவது? ஆம்பிளை ஒருவர் பின்னால் நின்றால் ஒரு பெண்ணும் உட்கார மாட்டாள். “நீதான் ஓட்டணும்” என்றார் என் கணவர். வீட்டுக் கூடத்தில் பழைய செய்திச் சுருள் ஒன்றை வைத்துப் பழக்கினார். படச்சுருளைப் பற்சக்கரத்தில் மாட்டி, லென்சுக்கு மேலும் கீழும் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும். தளர்வு குறைந்தால் படம் நடுங்கும், இன்னும் இறுகினால் அறுந்துவிடும். அறுந்தால் முனைகளைச் சுரண்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். வங்கியிலிருந்து வந்து தினமும் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டும் அளவுக்குக் கை தேறியது.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. குற்றாலத்தில் பொம்பளைகளுக்கு ‘அந்த மாதிரி’ப் படம் காட்டப் போகிறார்களாம் என்று. சத்திர வாசலில் ஒட்டியிருந்த எங்கள் போஸ்டரில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். கோயிலில் என் மாமியாரிடம் ஒருத்தி, உங்க மருமகதானே அந்தப் படம் ஓட்டப் போறா என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். வங்கி மேனேஜர் கூப்பிட்டு, வங்கியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றார். படம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார், உங்கள் வீட்டிலும் வரச் சொல்லுங்கள் என்றேன். அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சத்திரத்து தர்மகர்த்தா ஆள் அனுப்பினார். பிரசவப் படத்தை முதலில் தான் பார்க்க வேண்டும், பிறகுதான் அனுமதி என்று. எழுபது வயதிருக்கும் அவருக்கு. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவரையும் வக்கீலையும் உட்கார வைத்து நானே ப்ரொஜெக்டரை ஓட்டினேன். ஒரு பொம்பளை அதை ஓட்டுவதை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். படத்தில் அந்தப் பெண் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கத் தொடங்கியதும் அவர் தலை அசையவே இல்லை. பிள்ளையின் தலை தெரிந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், கிணற்றடிச் சுவரில் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஆறு பிள்ளைங்கம்மா” என்றார். “ஒண்ணு பொறக்கையிலயும் நான் வீட்டுல இல்ல. இவ்வளவு பாடுன்னு யாரும் எனக்குச் சொல்லல.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “போடுங்க. ஆனா சாமி படம் மாட்டிருக்க கூடத்துல வேண்டாம். பந்திக் கூடத்துல வச்சுக்கோங்க” என்றார். பந்திக் கூடம் எங்களுக்கு இன்னும் வசதி. நீளமான அறை, சின்ன ஜன்னல்கள், இருட்டாக்குவது சுலபம்.

முதல் நாள் சத்திரத்துக்கு வெளியே ஆண்கள் கூட்டம். எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே வங்காளப் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் எழுந்து, அருவிக்காவது போயிருக்கலாம் என்று முனகிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் இருந்து பார்த்தார்கள். முடிந்த பிறகு பீடிக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, அந்தப் பொம்பள சொன்னதுல என்ன தப்பு என்று ஒரு வார்த்தை கேட்டார். அதை வைத்து வெகுநேரம் பேச்சு நடந்தது. கேமராவைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை.

கடைசி நாள் பிற்பகல். பெண்கள் வருவார்களா என்ற பயம் எனக்கு. காலையில் நான் கிளம்பும்போது அத்தை உள்ளிருந்து என் நாத்தனாரைக் கூப்பிடும் குரல் கேட்டது. நாத்தனாருக்கு இருபத்திரண்டு வயது, வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை அவள் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்து, “மதினி கூடப் போயிட்டு வா. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா வந்துருங்க” என்றார். என்னிடம் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அத்தை என்ன செய்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. தூக்குவாளியில் புளியோதரை இருந்தது.

பெண்கள் வந்தார்கள். தென்காசி டவுன் பஸ்ஸில், செங்கோட்டைப் பஸ்ஸில், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் கூடை, கூடையில் எண்ணெய்ப் பாட்டில், துண்டு, மாற்றுப் புடவை. வீட்டில் அருவியில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். சிலர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டாமென்று ஐந்தருவியில் போய்க் குளித்தும்விட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்தார்கள். வக்கீல் வீட்டம்மா வந்தார். மேனேஜர் வீட்டம்மாவும் வந்தார். பூக்காரிகள் வந்தார்கள், கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். பந்திக் கூடம் நிறைந்து, கதவருகிலும் நின்றார்கள். ஆண்களை என் கணவர் வெளி கேட்டோடு நிறுத்திவிட்டார்.

சித்திரப் படம் ஓடியபோது சிரிப்பும் கிசுகிசுப்புமாக இருந்தது. ஆவணப்படத்தில் பேச்சு ஆங்கிலம் என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டு டாக்டரம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரான பெயரைச் சொன்னார், காது மூக்கு என்று சொல்வதைப் போல. பாதியில் படம் அறுந்தது. இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முனைகளைச் சுரண்டி ஒட்டினேன். கூட்டம் சத்தமில்லாமல் காத்திருந்தது. மறுபடி திரையில் வெளிச்சம் விழுந்தபோது யாரோ கை தட்டினார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பிள்ளை பிறந்து அழுததும் பாதிக் கூடம் சேர்ந்து அழுதது. படம் முடிந்து நான் விளக்கு சுவிட்சில் கை வைத்தபோது நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“லைட்டப் போடாதீங்கம்மா. இருட்டுலயே கேக்கோம்.”

டாக்டரம்மா சரி என்றார். பிறகு ஒரு இளங்குரல், முதல் ராத்திரி வலிக்குமா என்று கேட்டது. பயந்தால் வலிக்கும், அவசரப்பட்டால் வலிக்கும், பயமில்லை என்றால் அவ்வளவு இருக்காது, வலித்தால் நிறுத்தச் சொல் என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. தீட்டு நாளில் ஏன் தனியாக உட்கார வேண்டும், பிள்ளை போதும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, பெண் பிள்ளையாகவே பிறப்பதற்கு யார் காரணம் என்று முகம் தெரியாத குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. இஷ்டமில்லாத அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். சொல்லலாம் என்று டாக்டரம்மா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, பல பேர் சேர்ந்து விட்டதைப் போல.

சுவரோரத்திலிருந்து வயதான குரல் ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. “அவிய போயிப் பல வருசமாச்சு. எனக்கு அறுபது ஆகப் போவுது. இன்னும் அந்த நெனப்பு வருதும்மா. இது சீக்கா?”

“சீக்கு இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. அவர் குரல் அவ்வளவு மெதுவாகி நான் கேட்டதில்லை. “ஒடம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்.”

யாரும் சிரிக்கவில்லை. ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருந்தது. விழா நடத்துகிறவள் கேட்கலாமா என்று யோசித்தேன், பிறகு கேட்டுவிட்டேன். “பொம்பள தானா வந்து கூப்பிடலாமா, அவிய கூப்பிடதுக்கு முந்தி?”

“தாராளமாக் கூப்பிடலாம். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு” என்றார் டாக்டரம்மா. கூடம் முழுக்கச் சிரித்தது. என் நாத்தனார் என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, இருட்டில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். தென்காசியில் இறங்கியதும், “மதினி, கல்யாணத்துக்கு முந்தி அவர்ட்ட ஒரு தடவ பேசணும். அண்ணன்ட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணுங்க” என்றாள். பண்ணினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார்கள். கீழே அத்தை காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அத்தை என்னோடு பேசத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். தட்டை நீட்டி, இத மேல குடுத்துட்டு வா என்றார்.

அடுத்த வருஷம் பெண்களுக்கு இரண்டு காட்சிகள் வைத்தோம். ஆண்கள் வந்து எங்களுக்கும் டாக்டர் வேண்டும் என்று கேட்டார்கள். செங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து வந்தோம். கெட்ட பேச்சு முழுதாக ஓயவில்லை. சில வீடுகளில் என்னை விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். அதற்கு நான் வருந்தினேன் என்று சொன்னால் அது பொய். ஐந்து வருஷம் விழா நடந்தது. பிறகு வீடுகளுக்கு டி.வி. வந்தது, வீடியோ வந்தது, சொசைட்டியில் ஆள் குறைந்து மெல்லக் கலைந்தது.

அதற்கு முன்னால், மூன்றாம் வருஷ விழா முடிந்த கையோடு ராயகிரியிலிருந்து சில பெண்கள் வந்து டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். பருத்திக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். குற்றாலத்துக்கு வர எங்களை யார் விடுவார்கள், நீங்கள் அங்கே வாருங்கள் என்றார்கள். போனோம். ப்ரொஜெக்டர் பெட்டி என் மடியில், படப்பெட்டி டாக்டரம்மாவின் காலடியில், பஸ்ஸில் போனோம். ஒரு பருத்திக் கிடங்கில் மூட்டைகளை ஒதுக்கி, வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். நான் படத்தை மாட்டுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். மாட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் சுருளை மாட்டியது அவள்தான். படம் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

சாயங்காலம் பஸ் வரும்வரை அந்தப் பெண்கள் எங்களோடு ரோட்டில் நின்றார்கள். அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர், யாரு இவிய என்று கேட்டார். படம் மாட்டிய பெண் என்னைக் காட்டி, “படக்காரம்மா. எங்களுக்கு நல்லது சொல்ல வந்திருக்காவ” என்றாள். வங்கியில் பின்னாளில் எனக்கு ஆபீசர் பதவி கிடைத்தது, கதவில் பெயர்ப்பலகை கிடைத்தது. படக்காரம்மா என்று அழைத்தபோது நின்ற அளவு நிமிர்ந்து நான் அதற்கெல்லாம் நின்றதில்லை.