இடி இடித்தால் சிறுத்துவிடும் எழுத்து

அண்ணாச்சியை நினைத்தாலே, அந்தக் கணினித் திரையில் அவர் மூக்கு நுனி பட்டு உண்டான எண்ணெய்த் தடம்தான் கண்முன் வருகிறது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலக அறை. வெளியே ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து, கரண்ட் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. திரையில் எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சிறுத்துக் கிடந்தன. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். பல மாதங்களாக நான் துரத்திக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் பிழை ஒரு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

நான் பொள்ளாச்சியை ஒட்டிய சித்தூர்க்காரி. பகலில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மிச்ச நேரத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்திருக்கும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. திரையில் எழுத்து எவ்வளவு பெரிசு, பின்னணியில் என்ன படம், எந்த மொழி, எந்த ஜன்னல் எங்கே திறக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கேட்காமலேயே நம் கிளாஸில் மட்டும் சர்க்கரையைக் குறைத்துப் போடுகிற டீக்கடைக்காரர் மாதிரி. அது ஒழுங்காக வேலை செய்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் மட்டும் திட்டுவதற்கு உலகம் முழுக்க ஆள் உண்டு.

அப்படித் திட்டாமல் வந்த ஒரே புகார் அண்ணாச்சியுடையது. எங்கள் பொதுப் பக்கத்தில், சொந்தப் பெயர் போடாமல், உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி: எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் சில நாள் கழித்துத் தானாகச் சிறுத்துவிடுகிறது, கொஞ்சம் பாருங்கள். அதோடு அனுப்பிய குறிப்புகளில் கோப்புகளின் பெயர்கள் தமிழில் இருந்தன. நான் தமிழில் பதில் எழுதினேன். மறுநாளே போன் வந்தது. தொழிற்சாலையில் கொழுந்து எடையைக் கணினியில் ஏற்றுகிற கிளார்க். பழைய மெஷின், வேறு எந்த சிஸ்டமும் அதில் ஓடாது, அதனால் எங்கள் மென்பொருள் சேர்ந்து வருகிற சிஸ்டத்தைப் போட்டிருக்கிறார். நாலு வார்த்தை பேசுவதற்குள் நான் தாயி ஆகிவிட்டேன், அவர் அண்ணாச்சி ஆகிவிட்டார்.

எப்போது சிறுக்கிறது என்று கேட்டேன். இடி இடித்தால் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் குழுவில் சொன்னபோது அவர்களும் சிரித்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் எல்லோருக்கும் பட்டது. எழுத்து அளவுதானே, போகிற உயிரா என்று புகாருக்கு ‘சில்லறை’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைத்தார் குழுவின் தலைவர். அவர் கடல் கடந்த ஒரு நாட்டுக்காரர். நல்ல மூளை, மூளைக்கேற்ற கர்வம். நானும் என் மெஷினில் எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன். ஒரு தடவைகூட எழுத்து சிறுக்கவில்லை. சிறுக்காத ஒன்றை எங்கேயென்று பிடிப்பது?

கடைசியில், பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி நானே மலையேறினேன். மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஒரு முழக்கம். அவ்வளவுதான், எல்லாரும் பரபரவென்று கணினியில் திறந்து வைத்திருந்ததையெல்லாம் மூடினார்கள். அதற்குள் வாட்ச்மேன் ஓடிவந்து மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்துவிட்டார். மின்னல் இறங்கி டீவியும் போனும் கருகிப்போவதைப் பார்த்துப் பார்த்து அந்த மலையில் அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். முழக்கம் கேட்டால் முதல் வேலை மெயினை இறக்குவது, மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். ஒவ்வொரு ஜன்னலும் மூடும்போது தன் அளவையும் இடத்தையும் எங்கள் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். அது ஒவ்வொரு முறையும் மொத்த ஞாபகத்தையும் புதிதாக எழுதிப் பழையதைத் தூக்கிப்போடும். ஆனால் எழுதியது ஹார்ட் டிஸ்க் வட்டில் பதிந்துவிட்டதா என்று பார்க்காமலே பழையதைத் தூக்கிவிடுகிறது. பதிவதற்குச் சில நொடி பிடிக்கும். அந்தச் சில நொடிக்குள் வாட்ச்மேன் வந்துவிடுகிறார். கரண்ட் வந்ததும் பார்த்தால் ஞாபகம் இருந்த இடம் காலி. புது ஆள் என்று நினைத்து எல்லாவற்றையும் ஆதி நிலைக்குக் கொண்டுபோய்விடும். மூடாமல் அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்திரமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் செய்த காரியமே ஞாபகத்தைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பினால், அண்ணாச்சி திரையில் மூக்கை உரசிக்கொண்டிருக்கிறார். என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. அவராகவே சொன்னார். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, கண்ணாடியால் ஆகாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம். எழுத்து பெரிதாக இருந்தால் வேலையில் ஒரு பிசகு வராது. வயதாகிவிட்டது என்று சொல்லி ஆபீஸில் சமாளித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு, அதாவது மதினிக்கு, மட்டும்தான் தெரியும்.

இதைப் புகாரில் எழுதியிருந்தால் அன்றைக்கே முதல் வரிசைக்கு வந்திருக்குமே என்று ஆதங்கப்பட்டேன். கண் தெரியாத ஒருவரின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் எங்கள் ஆட்கள் மற்றதையெல்லாம் போட்டுவிட்டு வருவார்கள், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. அண்ணாச்சி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பொதுவுல எழுதிராத தாயி. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேலை போவும். வேலை போனா லயமும் போவும். பொறந்ததுல இருந்து அந்த ஊட்டுலதான் இருக்கேன்.”

லயம் என்பது எஸ்டேட் வரிசை வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து ஒரே ஒரு வரி திருத்தம் எழுதினேன். பதிந்துவிட்டது என்று உறுதியான பிறகே பழையதைத் தூக்கு, அவ்வளவுதான். தலைவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் வட்டுக்காகக் காத்திருந்தால் எல்லோருடைய மெஷினும் மந்தமாகிவிடும், ஓடுகிற கணினியில் கரண்டைப் பிடுங்குவது பயன்படுத்துகிறவர் தப்பு என்றார். மந்தமாகும் என்பது பொய்யில்லை. மலைப் பழக்கத்தைச் சொன்னேன், மின்னலைச் சொன்னேன். சொன்னால் வாயடைத்துப்போகிற காரணம் தொண்டைவரை வந்து நின்றது. அதை மட்டும் சொல்லாமல் மீதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். தோற்றேன்.

அண்ணாச்சிக்கு மட்டும் திருத்திய பதிப்பைத் தனியாகச் செய்து அனுப்பினேன். அந்த மழைக்காலம் முழுக்க இடி இடித்தது, எழுத்து சிறுக்கவில்லை. ஒவ்வொரு இடிக்கும் போன் பண்ணி, இன்னைக்கும் நிக்குது தாயி என்பார். ஞானஸ்நானம் எடுத்த மெஷின் இது, இனி சாத்தான் கிட்ட வராது என்று கேலி பேசுவார். அவ்வளவு உற்சாகமாக ஒரு மனிதர் கணினியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்கடுத்த வருஷம், அவர் லீவில் இருந்த நாளில், யாரோ டெக்னீஷியன் வந்து எல்லா மெஷினையும் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார். என் பதிப்பு போய் ஊருக்கெல்லாம் போகிற பதிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சிக்குத் தெரியாது. அடுத்த இடிக்கு எழுத்து சிறுத்தபோது மேனேஜர் வந்து இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அன்றைய எடையை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவர் வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அழுதுகொண்டே மதினிதான் எனக்குச் சொன்னார். எஸ்டேட்டில் யாரும் கடுமையாக ஒன்றும் பேசவில்லையாம். மரியாதையாகவே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போடிப் பக்கம் மகள் வீட்டுக்கு இறங்கிவிட்டார்கள்.

சென்ற மாதம் எங்கள் தலைவர் ஜன்னல்களை மூடிக்கொண்டிருக்கும்போதே அவர் மடிக்கணினி பேட்டரி தீர்ந்து பட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டால் அவர் ஆசையாக வைத்திருந்த பின்னணிப் படம் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அந்த வாரத்திலேயே என் ஒற்றை வரி ஏற்கப்பட்டுவிட்டது, பாராட்டு வேறு. ஒரு லயத்துக்காகக் கிடைக்காதது ஒரு படத்துக்காகக் கிடைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிழையை முதலில் கண்டு சொன்னவர் பெயரைத் திருத்தத்தின் கீழே ஒரு வரியாகப் போடுவது எங்கள் வழக்கம். கூலி என்று பார்த்தால் அது ஒன்றுதான். கொடுத்த வாக்கை நினைத்து, ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்றுதான் நான் எழுதியிருந்தேன். ஆத்திரம் அடங்கிய பிறகு போடிக்குப் போன் போட்டுத் திருத்தம் ஏறிவிட்டதைச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னார்.

“இனிமே எம் பேரைப் போடலாம் தாயி. இனி யாரு என்னை எங்கேருந்து எறக்கப் போறா? பேரப்பிள்ளைகிட்ட வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்.”

எங்கள் மென்பொருளில் ஒரு திருத்தம் ஏறிவிட்டால் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர் அதைப் பிரதி எடுத்துவிடுவார்கள். அதன் கீழே உள்ள ஒரு எழுத்தைக்கூட அப்புறம் மாற்ற முடியாது. யாரும் பின்னால் வந்து கை வைக்கக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு. போட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்தான். வாய் வரவில்லை.

“இனி மாத்த முடியாதுங்க அண்ணாச்சி. ஒருக்கா எழுதீட்டா எழுதுனதுதானுங்க. யாருமே அழிக்க முடியாதுங்க.”

“அதுக்குத்தான தாயி நாம இத்தனை நாளு சண்டை போட்டோம்,” என்று அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.