ஐந்தாவது ஓவியத்தின்போது

மகனுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, கோவளத்தில் ஓர் ஓவியக் கண்காட்சியின் தொடக்க நாளில் ஆட ஒப்புக்கொண்டேன். கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு நான் சலங்கை கட்டவில்லை. இனிமேல் ஆட வராமலே போய்விடுமோ என்ற பயத்தில்தான் சரி என்றேன்.

ஓவியங்களில் எல்லாம் தாய்மார்கள். ஒவ்வோர் ஓவியத்துக்கும் எங்கள் டீச்சர் ஒரு சிறு நடனம் அமைத்திருந்தார். ஐந்தாவது எனக்கு மட்டும். அதில் ஒரு பெண் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருப்பாள். மடி காலியாக இருக்கும். பிள்ளை என்ன ஆனது என்று ஓவியர் யாருக்கும் சொல்லவில்லை.

என் மகன் பாட்டிலில் குடிக்க மாட்டான். பத்து நாள் பழக்கிப் பார்த்தேன். ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்ப்பான். அன்று காலை செங்கல்பட்டில் மகனைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறும்போது மாமியார், "ஒரு மணி நேரந்தானே, நான் பாத்துக்கறேன். நீ போயி ஆடு" என்றார். பீய்ச்சி எடுத்த பாலை இரண்டு பாட்டிலில் வைத்திருந்தோம்.

கண்காட்சி மண்டபத்தின் மேக்கப் அறையில் ஒன்பதரைக்குக் கடைசியாகப் பால் கொடுத்துவிட்டு உடை மாற்றினேன். பத்தரைக்கு ஆரம்பிக்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் வந்து சேர மணி பன்னிரண்டாகிவிட்டது. உடையில் ஊக்கு, தையல் என்று அத்தனை இறுக்கம். கழற்றினால் மறுபடி மாட்ட அரைமணி ஆகும். எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்றே நேரம் போனது.

ஐந்தாவது ஓவியத்துக்கு நான் மேடையில் உட்கார்ந்ததும் சுவருக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. பசி அழுகை. என் உடம்பு எனக்கு முன்பே அதைக் கேட்டுவிட்டது, ரவிக்கை நனைந்தது. மேலாக்கின் மடிப்பை இழுத்து மறைத்துக்கொண்டு கைகளை மடிக்குக் கொண்டுவந்தேன்.

திடீரென்று அழுகை நின்றது. தேம்பித் தேம்பி ஓயவில்லை, சட்டென்று அறுந்துபோனது. பாட்டிலைத் திணித்துப் புரையேறியிருக்குமோ என்று நினைத்தேன். இன்னும் மூன்று நிமிடப் பாட்டு இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடிந்ததும் சலங்கையோடு ஓடினேன். மேக்கப் அறையில் யாருமில்லை. நாற்காலியில் மாமியாரின் போன் கிடந்தது. பாட்டில் தரையில் உருண்டு பால் கொட்டியிருந்தது. வாசலில் இருந்த வாட்ச்மேன், "கொயந்தய தூக்கிகினு பின்னாடி வூட்டுக்குப் போச்சும்மா அந்தம்மா" என்றார்.

பின்னால் மீனவக் குடும்பங்களின் வீடுகள். முதல் வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். உள்ளே, அந்த மண்டபத்தைப் பெருக்கும் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மகன் அவள் மார்பில் குடித்துக்கொண்டிருந்தான்.

"கத்திக் கத்தி மூஞ்சே நீலமா ஆயிப்போச்சு. நான் இன்னா பண்ணுவேன்? இவதான் குடுங்கம்மான்னு அங்கயே வாங்கி மார்ல வெச்சா, அப்பறம்தான் இங்க கூட்டியாந்தா," என்றார் மாமியார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனுக்கும் ஆறு மாசத்துல ஒண்ணு கீதுக்கா. தூங்கினு கீறான். பயப்படாத, எனுக்கு நோவு நொடி ஒண்ணும் கெடயாது."

நான் கேட்க நினைத்து வெட்கப்பட்டதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். முதலில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. அவள்மீதா, மாமியார்மீதா, அத்தனை எளிதாகக் குடித்துக்கொண்டிருந்தவன்மீதா என்று புரியவில்லை. அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டபோது வயிறு நிறைந்து தூங்கிவிட்டான். என் மார்பு கல்லாகக் கனத்தது. அவள் வீட்டுக் குளியலறையில்தான் பீய்ச்சிவிட்டு வந்தேன். நன்றி என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பியதும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சாவதுல முகபாவம் எவ்ளோ நல்லா வந்துச்சு தெரியுமா?" என்றார். நான் சலங்கையை அவிழ்க்கக் குனிந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமல்லபுரம் தாண்டியதும் மாமியார் மெதுவாகக் கேட்டார்: "எம்மேல கோவமாம்மா?"

"இல்ல அத்த" என்றேன். அது உண்மையாவதற்குத் திருக்கழுக்குன்றம் வரை ஆயிற்று.