வலிக்கு எத்தனை மார்க்?

பிராக்டிகல் சோதனையில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். துணைத் தாதிப் பயிற்சியில் என்னோடு சேர்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் முதல் தடவையிலேயே பாஸாகி வெள்ளை உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டார்கள். நான் முப்பத்தாறு வயதில், மாசாய் ஊரில் ஒரு ஃபேக்டரியில் பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்த்த வேலையை உதறிவிட்டு வந்தவள். வாய் மட்டும் பாஸ்.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது பொம்மை. உடம்பு துடைத்துவிடும்போது அதன் கை கழன்று என்னோடு வந்துவிட்டது. "அய்யோ, சாரி அங்கிள்" என்று பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் தடவை ரத்த அழுத்தம். நூற்றிருபது, எண்பது என்று கணீரென்று சொன்னேன். ஸ்டெதஸ்கோப் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் மறுபடி மூடிதான். வீட்டுக்காரர் ஃபேக்டரி சூப்பர்வைசரிடம் இப்போதே பேசி வைத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

இந்த முறை பொம்மை இல்லை, வார்டில் நிஜ நோயாளி. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வலி எவ்வளவு என்று சைபரிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். பதினைந்து நிமிடம். சோதிக்க வந்தவர் அந்த வார்டின் சிஸ்டர், மலாய்க்கார அம்மா. சிரிப்பை ஒட்டுவாரொட்டி நோய் என்று நினைப்பவர்.

கட்டிலில் இருந்தவர் பெக்கோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறவர். குலை காலில் விழுந்து எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்.

"மிஸி, ஏன் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றார். தாதிகள் எல்லாரும் எங்களூரில் மிஸிதான்.

"சோதனை அங்கிள். இது மூணாவது வாட்டி. இதுவும் போச்சுன்னா ஃபேக்டரிக்கே போகணும்."

"அலமாக்! கவலப்படாதீங்க மிஸி, நான் இருக்கேன்ல."

ரத்த அழுத்தம் நல்லபடியாக முடிந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியிருந்தேன். அடுத்து வலி. பதற்றத்தில் அந்த 'வலி' என்ற சொல்லையே விழுங்கிவிட்டேன்.

"அங்கிள், சைபர்லேருந்து பத்து வரைக்கும் எத்தன போடுவீங்க?"

"செப்புலோ!" என்று சிஸ்டருக்குக் கேட்கும்படி மலாயில் கத்தினார். கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். "பத்துக்குப் பத்து!"

சிஸ்டரின் பேனா நின்றது. பத்து என்றால் வலியில் உருண்டு புரள வேண்டும். இவர் கல்யாண வீட்டு மாமா மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அய்யோ அங்கிள், மார்க் எனக்கில்ல, உங்க வலிக்கு! சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. சிஸ்டரை ஒருமுறை பார்த்தார். "வலிக்கா? அப்ப கோசோங் போடுங்க. தாக் அப்பா சிஸ்டர், தாக் அப்பா." பரவாயில்லையாம், சைபராம்.

அட்டையைப் பார்த்தேன். மூன்று நாளாக வரிசையாக முட்டை முட்டையாய்ச் சைபர். நானும் ஒன்றைப் போட்டுவிட்டால் சோதனை முடிந்தது. பேனாவை வைத்து அரை வட்டம் போட்டும்விட்டேன். அப்போதுதான் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையைக் கவனித்தேன். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"அங்கிள், ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்க மிஸி? ஆபரேஷன் முடிஞ்சதுலேருந்து கண்ணே மூடல."

"கேட்டப்ப சொல்ல வேண்டியதுதானே!"

"நீங்கல்லாம் ஓடிக்கிட்டே இருக்கீங்க. நம்ம வேற எதுக்குத் தொல்ல குடுக்கணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தொல்ல குடுங்க அங்கிள்! அதுக்குத்தானே எங்கள வச்சிருக்காங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டார். "எட்டு இருக்கும், மிஸி" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

எட்டு என்று சிஸ்டரிடம் மலாயில் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "முதலில் பத்து, பிறகு சைபர், இப்போது எட்டு. எதை எழுதப் போகிறாய்?" என்று மலாயில் கேட்டார். நோயாளியை வற்புறுத்தி எண் வாங்கக்கூடாது என்பது பாடம். போச்சு, மூடிதான் என்று நினைத்துக்கொண்டேன். போவதுதான் போகிறோம் என்று தைரியம் வந்துவிட்டது.

"பத்து எனக்குப் போட்ட மார்க், சிஸ்டர். சைபர் உங்களுக்குப் பயந்து சொன்னது. எட்டுதான் இவருடையது."

சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கடைசிச் சைபருக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்துதான். அரை வட்டத்தை அடித்து எட்டு என்று எழுதச் சொன்னார். பிறகு அவரே டாக்டரைத் தேடிப் போனார்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். பாஸ். கால் தரையில் படவில்லை எனக்கு. அங்கிளிடம் சொல்ல வார்டுக்கு ஓடினேன். மருந்து வேலை செய்து, வாயைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்த கை பிரிந்து போர்வை மேல் கிடந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் பார்க்க ஒரு சீனியர் மிஸி தள்ளுவண்டியோடு வந்தார். குறுக்கே போய் நின்று, "அக்கா, இவர எழுப்பாதீங்க, அப்புறம் நானே பாக்கறேன்" என்றேன். பாஸாகி முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.