எக்ஸ்ரே அத்தானின் ஆதாரங்கள்

டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் விளக்குக்கு நேரே பிடிப்பார். துவைத்த சட்டை, மூக்குக்கண்ணாடி, முட்டை, எதுவும் அவரிடம் தப்பாது. ஒருமுறை என் மகளின் மதிப்பெண் அட்டையையும் அப்படித்தான் பார்த்தார். "உள்ள ஒண்ணும் உடையல, பயப்படாதே" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவர் என் அக்காவின் கணவர். நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும் அறையில், எக்ஸ்ரே எடுக்கிறார். ஊருக்கு எக்ஸ்ரே அண்ணன், எனக்கு எக்ஸ்ரே அத்தான். குட்டையான உருவம். கதிரைத் தடுக்கிற ஈய அங்கியை மாட்டிக்கொண்டு வந்தால் கேஸ் சிலிண்டர் ஒன்று நடந்து வருவது போலிருக்கும். நாள் முழுக்க ஒரே பாட்டுதான்: "தாடையைத் தூக்குங்க. தோளை முன்னால கொண்டாங்க. நெஞ்சு பலகையோட ஒட்டணும். மூச்சை இழுத்துப் பிடிங்க... பிடிங்க... ஆங், விட்டுடுங்க." பெண்கள் என்றால் அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: "பின்னலைத் தூக்கி உச்சியில கட்டிடுங்கம்மா." ஈரப் பின்னல் தோள்மேல் விழுந்து கிடந்தால் படத்தில் நிழல் தட்டும், நெஞ்சுக்குள் ஏதோ இருப்பதுபோல டாக்டரையே ஏமாற்றிவிடும் என்பார். சங்கிலி, ஊக்கு, பித்தான் எல்லாமே அவருக்கு ஜென்ம விரோதிகள்.

அத்தான் பெரிய விசுவாசி. அதில் என்ன அதிசயம், கிறிஸ்தவ சபைக்குப் போகிற எல்லோரும் விசுவாசிகள்தானே? ஆனால் இவருக்கு வெறும் விசுவாசம் பற்றாது. ஆதாரம் வேண்டும். "கண்ணை மூடிக்கிட்டு நம்புறவன் நம்பட்டும் மாப்ளே. நான் படத்தைப் பார்த்துப் பேசுறவன்" என்பார். பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மலைச்சாலை வெட்டியபோது கிடைத்த, சிப்பி பதிந்த கல் ஒன்று அதில் உண்டு. அது நோவா காலத்து வெள்ளத்துக்குச் சாட்சி. எங்கோ பாலைவனத்தில் தோண்டியெடுத்த மதில் ஒன்றின் பத்திரிகைப் படம் உண்டு. வேதத்தில் வரும் பட்டணங்கள் நிஜமாகவே இருந்தன என்பதற்கு அது. பிறகு, யாருடையதோ, பெயரை வெட்டியெடுத்த ஒரு கை எக்ஸ்ரே. சபையில் வாலிபர் கூட்டம் நடந்தால் இந்த டின்னும் கூடவே போகும்.

நான் சபை வாசலில் அக்காவை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போகிறவன். சும்மா இருப்பேனா? "அத்தான், அந்த மலையே ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சாம். பூமி மெள்ள மெள்ளத் தூக்கி விட்டுச்சாம்" என்று ஆரம்பிப்பேன். "தூக்கினது யாரு?" என்பார் கண் சிமிட்டாமல். உடனே கை எக்ஸ்ரே வெளியே வரும். "மணிக்கட்டைப் பாரு. எட்டு எலும்பு, கூழாங்கல் மாதிரி. ஒண்ணோட ஒண்ணு முட்டாம எப்படி வழுக்குது பார்த்தியா? இது தானா வந்துச்சா?" அப்படியானால் என் இடுப்பு வலியையும் கடவுள்தான் பார்த்துப் பார்த்துச் செய்தாரா என்று கேட்டேன். "அது நீ நாற்காலியில உட்கார்ற லட்சணம்" என்றார். "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, எனக்குப் பாத்திரம் கழுவணும்" என்று உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அழுகுணி ஆட்டம் ஆட மாட்டார். ஒரு பழைய துணியில் ஆண்டவரின் முகம் பதிந்திருப்பதாகச் சொல்வார்களே, அந்தப் படமும் முன்பு டின்னில் இருந்தது. அந்தத் துணியின் வயதைப் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள் தகராறு என்று எங்கோ படித்துவிட்டு, மறுநாளே வெளியே எடுத்துவிட்டார். "தகராறுல இருக்கிற சாட்சியைக் கூண்டுல ஏத்தக் கூடாது" என்றார். எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது, நல்ல படம் அது.

இந்த வருஷம் அக்காவைப் பிடித்த இருமல் விடவே இல்லை. டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தவர் வேறு யார், அத்தான்தான். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. மூன்று வாரம் மருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுங்கள், அப்போதும் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர். அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. டின்னைத் தொடவில்லை. என்னோடு சண்டைக்குக்கூட வரவில்லை. சபைப் பெண்கள் முறை வைத்து உபவாசமிருந்து ஜெபித்தார்கள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், நான்கூட ஓரிரு முறை மேலே பார்த்தேன்.

இரண்டாவது படத்தில் நிழல் இல்லை. துடைத்துவிட்டதுபோல் இருந்தது. போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை ரெண்டு படத்தையும் கொண்டாங்க. சாட்சி சொல்ற நேரத்துல தூக்கிக் காட்டுங்க. ஜனங்க கண்ணால பார்க்கட்டும்!" ஊரான் ஊரான் கல்லையும் மதிலையும் பொறுக்கிச் சேர்த்த மனிதருக்குச் சொந்த வீட்டிலேயே, அதுவும் எக்ஸ்ரேயாகவே, ஆதாரம் கிடைத்திருக்கிறது! அத்தானின் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமை மாலை நான் போனபோது சமையலறை ஜன்னல் முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு படம். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ளே, இங்க பாரு."

முதல் படத்து நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பைத் தாண்டி, கழுத்தோரமாக மேலே போயிருந்தது. அதற்குள் மெல்லிய கோடுகள், மாறி மாறிச் சாய்ந்திருந்தன.

"பின்னல்" என்றார். "உங்க அக்காவோட பின்னல். அன்னைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட வந்தா."

அன்று வரிசையில் மணிக்கட்டு உடைந்த லாரி டிரைவர் ஒருவர் இருந்தாராம். எட்டு எலும்புகளை வைத்து அவருக்குப் படைப்பை நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறார் அத்தான். பேச்சு மும்முரத்தில், பின்னலைத் தூக்கிக் கட்டு என்று மனைவியிடம் சொல்ல மறந்துபோனார். இரண்டாவது முறை மறக்கவில்லை. "டாக்டர் கவனிக்கலையா?" என்றேன். "அவருக்கு வாசல் வரைக்கும் கூட்டம். அவரை விடு. ஊரார் படம்னா நான் எட்டத்துல இருந்தே கண்டுபிடிச்சிருப்பேன். இவ படம்னதும் எனக்குக் கண்ணே தெரியல மாப்ளே."

அவரை மடக்க வழி தேடிக்கொண்டே இருந்தவன் நான். நியாயமாக அன்று நான் குதித்திருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு. "வேற யாருக்கும் தெரியாது அத்தான். அக்கா சந்தோஷமா இருக்கா. சபை சந்தோஷமா இருக்கு. விட்டுடுங்க, யாருக்கு என்ன நஷ்டம்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பாதவன் பேசுற பேச்சாடா இது? எலும்பு பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, நான் பொய் சொல்லவா? அதுவும் ஆண்டவர் பேரைச் சொல்லி?" குரல் அங்கே இறங்கிவிட்டது. "நாளைக்கு அப்புறம் எவன் என் டின்னைத் திறந்து பார்ப்பான், சொல்லு."

அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்போதே போய்ச் சொல்லிவிட்டார். "அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா? மூணு வாரமா நான் செத்துச் செத்துப் பிழைச்சேனே, பாவி மனுஷா!" சீப்பு பறந்து வந்தது. அத்தான் குனியவில்லை, நெற்றியில் வாங்கிக்கொண்டார். அக்கா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவரோடு மட்டும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போக மனம் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். கூந்தலை உச்சந்தலையில் ஏற்றி, கண் இழுக்கிற அளவுக்கு இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அத்தான் மேடையில் ஏறும்போது அந்தக் கொண்டையைப் பார்த்துவிட்டுப் படியில் தடுக்கினார்.

முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஜனங்கள் "அல்லேலூயா" சொல்லத் தயாராக இருந்தார்கள். "இது அற்புதம் இல்லீங்க. என் தப்பு" என்று ஆரம்பித்து, பின்னலைக் காட்டி, லாரி டிரைவரைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். போதகர் தரையைப் பார்த்தார். வாலிபர்கள் பக்கத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அத்தானின் காது சிவந்துபோனது.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுந்தார். சர்க்கரை வியாதியோடு எல்லா முறையும் உபவாசம் இருந்தவர் அவர். "அப்போ நாங்க பட்டினி கிடந்தது வீணா தம்பி?"

அத்தான் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தெரியலம்மா. இந்தப் படத்துல அதுக்குப் பதில் இல்ல. ரெண்டு படத்தையும் தேடிப் பார்த்துட்டேன். ஆனா அந்த மூணு வாரம் நான் எழுந்து வேலைக்குப் போனேன்னா, நீங்கள்லாம் இவளுக்காக ஜெபத்துல உட்கார்ந்திருக்கீங்கன்னுதான் போனேன். அதை எப்படி எடுத்துக் காட்டுறதுன்னு எனக்குத் தெரியல."

"அவ நல்லாத்தானே இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. இருமல்கூட நின்னுபோச்சு."

"அப்புறம் என்ன? ஸ்தோத்திரம்" என்று நர்ஸம்மா உட்கார்ந்துவிட்டார்.

போதகர் வேறு வழி தெரியாமல் "ஜெபிப்போம்" என்றார். எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. கண்ணை மூடுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் முதல் படத்தை உறைக்குள் போட்டார். சுத்தமான இரண்டாவது படத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் நெஞ்சோடு ஒட்டி வைத்து, தாடையைத் தூக்கி, தோளை முன்னால் கொண்டுவந்து, கண்களை இறுக மூடி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.