படிவத்தில் இல்லாத மருமகன்

கொண்டச்சியில் எங்கள் பக்கத்து வளவு ஹவ்வா உம்மாவுக்கு அன்று விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கான கடைசிப் பணம்தான் வரவேண்டும். அது வராவிட்டால் இந்த மாரியும் தகரக் கொட்டிலில்தான்.

வீட்டில் சம்பளம் எடுக்கும் ஆள் இருந்தால் அந்தப் பணத்தில் பாதியை வெட்டிவிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மருமகன் றுஸ்தியும் நாலு வருடமாக அங்கேதான். ஐஸ் தொழிற்சாலையில் வேலை. உம்மா படிவத்தில் தன்னையும் மகள் முஸ்பிராவையும் மட்டும் எழுதி, மருமகன் தாய் வீட்டில் இருப்பதாகப் போட்டுவிட்டார்.

பொய் சொல்லிப் பழகாதவர் படும் பாட்டை அன்று பார்த்தேன். றுஸ்தியின் சாரங்களைக் கொடியிலிருந்து உருவி என் அலுமாரியில் திணித்தார். திரும்பிப் போய் சவரச் சாமானோடு ஓடிவந்தார். மறுபடி தொப்பிக்கு ஓடினார். மருமகனோடு நேரே பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. எதுவும் மகள் வழியாகத்தான். "பின்னேரம் வரைக்கும் வர வேணாமாம்" என்பதும் அப்படித்தான் போயிருந்தது. காரணம் சொல்ல முஸ்பிராவுக்கு வாய் வரவில்லை.

பத்து மணிக்குப் படிவத்தைச் சரிபார்க்க வீட்டுத்திட்ட உத்தியோகத்தர் அஞ்சலா வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்களும் மகளும் மட்டுந்தானோ அம்மா? வேற ஆரும் இல்லையோ?"

"ஆருமில்ல மகள்."

அப்போது வாசல் படலையில் றுஸ்தி வந்து நின்றார். கரண்ட் நின்று தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். வழியில் வாங்கிய மீன் பை கையில். வெறுங்கொடியைப் பார்த்தார். அஞ்சலாவின் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. பிறகு மீன் விற்க வந்தவரைப் போலப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"மீன் வேணுமா உம்மா? நல்ல பாரை."

அஞ்சலா தலை நிமிரவேயில்லை. வேணாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முழுக் கூரையும் வந்துவிடும்.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுப் படலைவரை நடந்தார். பையை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"வெயிலுக்க நிக்காம உள்ள வாங்க மகன்."

நாலு வருடத்தில் அவரோடு நேரே பேசிய முதல் பேச்சு அது. பிறகு அஞ்சலாவிடம் திரும்பினார்.

"நான் பொய் சொல்லிட்டன் மகள். இவர் எங்கட மருமகன். இஞ்சதான் இரிக்கிறார். எழுதுங்க."

பாதிக் கூரை அந்த நிமிடமே போனது. அஞ்சலா பேனையை எடுத்துப் பெயர் கேட்டார். உம்மாதான் சொன்னார்.