இடது பச்சை, வலது நீலம்

முப்பது வரை எண்ணுகிறார் நல்லம்மாள். இருபத்தொன்பதில் நிறுத்துகிற ஆள் இல்லை. இடது உள்ளங்கையில் பச்சை ஃபேஸ்வாஷ் குழாயிலிருந்து பயறளவு, வலது உள்ளங்கையில் நீலக் குழாயிலிருந்து பயறளவு. இடது கை இடது கன்னத்துக்கு, வலது கை வலது கன்னத்துக்கு. மூக்குத்தண்டுதான் எல்லை. ஒரு பக்கத்து நுரை மறுபக்கத்துக்குப் போனால் அன்றைய சோதனை செல்லாது. கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக எண்ணுவதால் குளியலறைச் சுவரும் கூடவே எண்ணுகிறது.

கழுவி முடித்ததும் துண்டால் ஒத்துகிறார். துடைப்பதில்லை. "மூஞ்சி என்ன பாசார்ல மீன் வெட்டுற மேசையா, போட்டுத் தேய்க்கிறதுக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறார். கேட்க வேறு ஆள் அந்த வீட்டில் இல்லை. பசியாறி, இரண்டு மணி நேரம் கழித்து, டிஷ்யூத் தாளை நெற்றியிலும் கன்னங்களிலும் அழுத்தி எடுத்து, ஆயர் ஈத்தாம் பிளாட்டின் ஏழாவது மாடி ஜன்னலில் தூக்கிப் பிடிக்கிறார். ஒரு காலத்தில் அந்தத் தாள் வடை சுற்றிய காகிதம் மாதிரி இருக்கும். அதன் வழியே எதிர் பிளாட்டில் காயும் துணியை எண்ணலாம். இப்போது இரண்டு பக்கமும் சுத்தம்.

"பாத்தியா?" என்கிறார். யாரைப் பார்த்து என்று கேட்கக் கூடாது.

வயது அறுபத்தொன்று. பிறந்தது பத்து காவான் என்ற ஊரின் ரப்பர்த் தோட்டத்தில். அவர் பிறந்த லயத்து வீடு இருந்த இடத்தில் இன்று ஏதோ ஒரு தொழிற்சாலையின் லாரிகள் நிற்கின்றன. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "கொசு கடிச்ச எடம் லா அது. போகட்டும்." படிப்பு ஆறாம் வகுப்பு. பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம். கடைசிப் பதினான்கு வருஷம் லைன் லீடர். தம்பியைப் படிக்க வைத்து இன்ஜினியராக்கியதும் அந்தச் சம்பளம்தான், இந்த பிளாட்டை வாங்கியதும் அந்தச் சம்பளம்தான். தம்பி தெற்கே ஜொகூரில் இருக்கிறார். தீபாவளிக்கு வருவார். மற்ற நாட்களில் காலையில் பூப்படம் அனுப்புவார். கல்யாணத்துக்கு நேரம் இருக்கவில்லை என்று நல்லம்மாள் சொல்வதை நம்பிவிடுவது நல்லது. மேலே கேட்டால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

சிப் செய்யும் அறைக்கு கிளீன் ரூம் என்று பெயர். தூசி என்பது அங்கே திருடன் மாதிரி. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணும் மூக்கின் மேல்பாதியும் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் கூடாது, கிரீம் கூடாது, மை கூடாது, பொட்டும் கூடாது. நல்லம்மாளின் லாக்கர் கதவின் உட்பக்கம் முழுவதும் ஸ்டிக்கர் பொட்டுகள்தான். காலையில் பிய்த்து ஒட்டியதை மாலையில் எடுத்து வைத்துக்கொள்ள மறந்த நாட்கள் அவ்வளவு.

அந்த வாசலில் நின்று அவர் யாரையும் விட்டதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புது இன்ஜினியர் ஒருவர் ஒருநாள் கன்னத்தில் கிரீம் மினுங்க வந்து நின்றார். "கழுவிட்டு வாங்க சார்" என்றார் நல்லம்மாள். "நான் யார் தெரியுமா?" என்று கேட்டார் அவர். "தெரியும் சார். கழுவாத ஆளு." டிகிரியோடு வந்த மனிதர் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். இந்தக் கதையை நல்லம்மாள் இதுவரை நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் இன்ஜினியர் ஒரு அங்குலம் உயரமாகிறார்.

இத்தனைக்கும் அந்த லைனிலேயே எண்ணெய் வழிகிற முகம் அவருடையதுதான். முகக்கவசத்துக்குள் பத்து மணி நேரம் புழுங்கினால் பருக்கள் கிளம்பும். சும்மா சொல்லக் கூடாது, அந்த முகத்தை அவர் ஆண்ட விதம் ஒரு படிப்பு. வாசனை போட்டது வேண்டாம். மணல் மாதிரி உறுத்துகிறது வேண்டவே வேண்டாம். நுரை மலைபோல் பொங்கினால் கை தட்டாதே, சந்தேகப்படு. சுடுதண்ணீர் எண்ணெயை எடுக்கிற மாதிரி எடுத்துவிட்டு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். பருவோடு வந்த பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லி, இன்ன கடையில் இன்ன குழாய் வாங்கு என்று அனுப்புவார். பத்தொன்பது வருஷம் ஒரே குழாயைப் பயன்படுத்தினார். முகம் ஒருநாள்கூட வாசலில் ஃபெயில் ஆனதில்லை.

ஃபெயில் இல்லை என்று சொன்னது காமாரியா. உள்ளே போகுமுன் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்பது அங்கே க்யூசி, அதாவது தரச்சோதனை விதி. கண்ணாடி இருந்தாலும் தன் முகத்தைத் தானே பாஸ் பண்ணக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் நல்லம்மாளின் எதிரே நின்றவர் காமாரியா. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார்.

"ஏ நல்லா, இந்த மூக்குல அப்பளம் பொரிக்கலாம் லா."

"உன் மீசையைப் பாரு மொதல்ல."

நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து. பிறகு திரும்பி நின்று, கைகளைக் கொஞ்சம் விலக்கி, முதுகைக் காட்ட வேண்டும். ஒட்டிய முடி, நூல், துகள் எதுவும் இல்லையென்றால் தோளில் இரண்டு தட்டு. "சரி லா, போ." அந்த இரண்டு தட்டு விழாமல் நல்லம்மாள் ஒருநாளும் உள்ளே அடியெடுத்து வைத்ததில்லை.

சென்ற வருஷம் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேரும் ஓய்வு பெற்றார்கள். காமாரியாவை மகன் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்லம்மாள் முகம் கழுவுவதை விடவில்லை. உள்ளே போகுமுன் ஒன்று, தேநீருக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, ஷிஃப்ட் முடிந்து ஒன்று. நாளுக்கு நாலு, அதே நேரத்தில், ஷிஃப்ட் இல்லாமலே. பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது நாளுக்கு இரண்டு. அது மற்றவர்களுக்கு.

போன மாதம் பத்தொன்பது வருஷத்துக் குழாய் கடையில் வருவது நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஒன்று தேட வேண்டும். எண்ணெய்ச் சருமத்துக்கு என்று போட்ட பச்சையும் நீலமும் வாங்கி, தொழிற்சாலையில் இரண்டு பொருளை ஒப்பிடுகிற மாதிரி, ஆளுக்கொரு கன்னம் கொடுத்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டார். டிஷ்யூவில் இரண்டு பக்கமும் சுத்தம். எது ஜெயித்தது? சொல்ல இன்னொரு கண் வேண்டும். விதி விதிதான், தன் முகத்தைத் தானே பாஸ் பண்ண முடியாது.

கைபேசியில் காமாரியாவைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினார்.

"அடி, என்ன இவ்வளவு வெள்ளையா அழகா இருக்கே? புது போனா?"

"போனைப் பாக்காதே லா, கன்னத்தைப் பாரு. எந்தப் பக்கம் மினுக்குது?"

"ஒண்ணும் தெரியலை நல்லா, பனி மாதிரி... ஐயோ, பேரன் சோபாவுல ஏறிட்டான்! இரு, அப்புறம் கூப்பிடறேன்."

நாலு நாள் ஆயிற்று. கடலுக்கு அந்தக் கரை என்றாலும் புக்கிட் மெர்தாஜாம் ஒன்றும் சீமை இல்லை. ஃபெரி இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் மூஞ்சியைக் காட்டுவதற்காக ஒருத்தி வீட்டுக்குப் போவதா? கூப்பிட்டால் போகலாம்.

எட்டாவது மாடி பஷீரை லிஃப்டில் பிடித்தார். "தம்பி, அக்கா மூஞ்சியைக் கொஞ்சம் உத்துப் பாரேன்."

பஷீர் லிஃப்டின் எண்களைப் பார்த்தார். "அக்கா, நான் அந்த சீலிங் விஷயத்தை மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல சொல்லிட்டேன். சத்தியமா சொல்லிட்டேன்." கதவு திறந்ததும் ஓடியே போனார்.

சீலிங் விஷயம் இதுதான். ஐந்தாறு மாதமாக நல்லம்மாளின் கருநீலத் தலையணை உறையில் காலையில் வெள்ளையாகப் பொடி கிடக்கிறது. கண்ணாடி அலமாரியிலும் கிடக்கிறது. மேல்வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள், சுண்ணாம்பு உதிர்கிறது என்று இரண்டு தடவை மேலே ஏறிப்போய்ச் சண்டை போட்டார். "முப்பத்தாறு வருஷம் தூசியோட வாழ்ந்தவ நான். எங்கிருந்து வருதுன்னு எனக்கா தெரியாது?"

போன சனிக்கிழமை பஸ் ஏறி கொம்தாரில் இறங்கி, சூலியா தெரு முனையில் உள்ள மருந்துக்கடைக்கு நடந்தார். பச்சையோ நீலமோ, இன்று முடிவாக வேண்டும். முகம் கழுவும் சாமான்கள் அடுக்கின் முன்னால் நின்றதும் விற்பனைப் பெண் ஒருத்தி வந்தாள். சட்டையில் நஸீஹா என்று பெயர் குத்தியிருந்தது. கறுப்புச் சட்டை, கறுப்பு முக்காடு.

"ஆண்டி, ஆயில் ஸ்கின்னுக்கா? ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ லா."

"விக்க வராதே. பாக்க வா." நல்லம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இடது பச்சை, வலது நீலம். ரெண்டு வாரம். எந்தப் பக்கம் மினுக்குதுன்னு சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரியும், நான் டிகிரிக்காரங்களையே வாசல்ல நிறுத்தினவ."

நஸீஹா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இந்த லைட்ல தெரியாது ஆண்டி, வாங்க." கையைப் பிடித்து வாசல் பக்கம் அழைத்துப் போனாள். வெளியே வெயில் தெருவில் கொட்டிக் கிடந்தது. தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் மினுக்கலை."

"அப்ப ரெண்டும் பாஸா?"

"ரெண்டும் ஃபெயில் ஆண்டி. உங்களுக்கு எண்ணெயே இல்லை. மூஞ்சி காஞ்சு போயிருக்கு, தோல் உரியுது. எரியலையா?"

"எரிஞ்சாதானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

"எரிஞ்சா நிறுத்தணும்னு அர்த்தம். வயசானா எண்ணெய் குறைஞ்சுரும் லா. இது இன்னிக்கு நேத்து ஆனது இல்ல, மாசக்கணக்கா இருக்கும்." தாடையிலிருந்து கையை எடுத்தாள். கறுப்புச் சட்டைக் கையில் வெள்ளையாக நாலைந்து துகள்கள். "வீட்டுல யாரும் சொல்லலையா?"

நல்லம்மாள் அந்தக் கறுப்புச் சட்டைக் கையையே பார்த்தார். தலையணை உறை நினைவுக்கு வந்தது. பஷீர் லிஃப்டில் எண்களைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு துகளோடு யாராவது வாசலுக்கு வந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்கே அனுப்பியிருப்பார்.

"வீட்டுல நான்தான் க்யூசி" என்றார்.

நஸீஹாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவள் சிரிக்கவில்லை. அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு குழாயை எடுத்தாள். வெள்ளை நிறம், நுரைக்காதது, காய்ந்த சருமத்துக்கானது. "இது போதும் ஆண்டி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம். கழுவினதும் கிரீம் போடணும்."

"கிரீமா?" இன்ஜினியரையே திருப்பி அனுப்பிய சாமான். "நானா?"

"இப்ப நீங்க போடலாம் லா. யாரு தடுக்கறா?"

நல்லம்மாள் குழாயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. நஸீஹா பையிலிருந்து டிஷ்யூ எடுத்து, அவர் தாடையோரத்திலும் கழுத்துப் பட்டியிலும் ஒட்டியிருந்த பொடியை ஒவ்வொன்றாக ஒத்தி எடுத்தாள். துடைக்கவில்லை, ஒத்தினாள். நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து.

"ம்ம், இப்ப சரி."

அந்தச் சொல் விழுந்ததும் நல்லம்மாள் குதிகால்களைச் சேர்த்து வைத்தார். மெதுவாகத் திரும்பி, பெண்ணுக்கு முதுகைக் காட்டி, கைகளை உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கி, ஒரு கையில் வெள்ளைக் குழாயோடு, சூலியா தெரு வெயிலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.